வரலாற்றுப் படங்களைப் பார்க்கப் பழகுதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வரலாற்று ஆவணப்படங்களையும் வாழ்க்கை வரலாற்றுப் படங்களையும் முறையாகப் பார்க்க விரும்பும் புதியவர்கள் பெரும்பாலும் முதல் தேர்விலேயே இடறிவிடுகிறார்கள். எங்கோ கண்ட ஒரு பட்டியலை நம்பி, நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையைப் பற்றி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும் 'ஷோவா'வையோ, இரண்டாம் உலகப் போரைப் பற்றி 26 பகுதிகள் கொண்ட 'தி வேர்ல்ட் அட் வார்' தொடரையோ எடுத்துக்கொண்டு, இரண்டாம் நாளே களைத்துப்போய், இந்த வகைப் படங்கள் தமக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். குறை அவர்களிடமும் இல்லை, படங்களிடமும் இல்லை. நீச்சல் தெரியாதவரை நடுக்கடலில் இறக்கிவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும் ஆகிறது.

கலை, போர், சமூகம் ஆகிய மூன்றையும் தொடும் வரலாற்றுப் படங்களை எந்த வரிசையில், எப்படிப் பார்த்தால் கண் பழகும் என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது: திரையில் ஓடும் இந்தக் காட்சியை யார் எடுத்தார், எப்போது எடுத்தார், யாருக்காக எடுத்தார்?

முதல் படி: நான்கு குறும்படங்கள்

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது அலென் ரெனே என்ற பிரெஞ்சு இயக்குநர் தம் இளமையில் எடுத்த நான்கு குறும்படங்களை. 1948-இல் வெளிவந்த 'வான்கோ', 1950-இல் வெளிவந்த 'குவெர்னிகா', 1953-இல் கிறிஸ் மார்க்கருடன் சேர்ந்து உருவாக்கிய 'சிலைகளும் மடிகின்றன', 1956-இல் வெளிவந்த 'இரவும் மூடுபனியும்' ஆகியவையே அவை. நான்கையும் சேர்த்துப் பார்க்க ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். ஓர் ஓவியரின் வாழ்க்கை, குண்டுவீச்சுக்கு ஆளான ஓர் ஊர், ஆப்பிரிக்கக் கலைக்குக் காலனியாதிக்கம் செய்த தீங்கு, நாஜி வதைமுகாம்கள் என்று பொருள் மாறிக்கொண்டே போனாலும், பார்க்கும் கண் ஒருவருடையது என்பதால், ஒரு படைப்பாளி வரலாற்றை அணுகும் விதத்தை இவற்றில் தெளிவாகப் பின்தொடர முடியும்.

வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள். 'வான்கோ' படத்தில் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் பேர்போன அந்த ஓவியங்கள் கறுப்பு வெள்ளையில் வருவதைக் கண்டு முதலில் ஏமாற்றமாக இருக்கும். வண்ணத்தை விலக்கியதால்தான் கேமராவால் ஓர் ஓவியத்திலிருந்து இன்னோர் ஓவியத்துக்கு, ஒரே ஊரின் தெருக்களில் நடப்பதுபோலத் தாவ முடிகிறது என்பது சில நிமிடங்களிலேயே விளங்கிவிடும். ஓவியத்தின் மரச்சட்டம் கண்ணில் படுவதே இல்லை. ஓவியர் பார்த்த உலகுக்குள்ளேயே நாம் உலவுகிறோம்.

'குவெர்னிகா'வைப் பார்க்கும் முன் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது, 1937 ஏப்ரல் 26 அன்று, பாஸ்க் பகுதியில் உள்ள குவெர்னிகா என்ற சிற்றூரின் மீது ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு வீசின. அதே ஆண்டில் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, அந்தக் குண்டுவீச்சைப் பற்றிப் பிக்காசோ தீட்டிய 'குவெர்னிகா' ஓவியம் ஏறத்தாழ 3.5 மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் அகலமும் கொண்டது. அது இப்போது மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு, வெள்ளை, சாம்பல் சாயல்களிலேயே தீட்டப்பட்ட ஓவியம் என்பதால், கறுப்பு வெள்ளைத் திரைப்படத்துக்குள் அது தன் வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்துவிடுகிறது.

'இரவும் மூடுபனியும்' படத்தை இணையத்தில் தேடும்போது 'நைட் அண்ட் ஃபாக்' என்ற ஆங்கிலப் பெயரில் தேடுங்கள். 32 நிமிடப் படம்தான். ஆனாலும் உடல்கள் குவிந்துகிடக்கும் காட்சிகள் நேரடியாகவே வருகின்றன. குழந்தைகள் இருக்கும் அறையில் ஓடவிடாதீர்கள், தூங்கப் போகும் முன்பும் பார்க்காதீர்கள். நான் முதல் முறை ஒரு திரைப்படக் கழகத்தின் சிறிய கூடத்தில் பார்த்தேன். படம் முடிந்து விளக்குகளைப் போட்டபின் யாரும் நாற்காலியை நகர்த்தக்கூட இல்லை.

இரண்டாம் படி: இருமுறை பார்த்தலும் ஒரு குறிப்பேடும்

ஒவ்வொரு படத்தையும் இருமுறை பாருங்கள். முதல் முறை நிறுத்தாமல், எதையும் எழுதாமல், படம் இழுக்கும் வழியில் போங்கள். இரண்டாம் முறை குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, தேவையான இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். இந்தப் படங்களுக்குத் தமிழில் வசன வரிகள் கிடைப்பது அரிது என்பதால், முதல் பார்வையில் நம் கண் பாதி நேரம் திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளிலேயே இருக்கும். படிமங்களை உண்மையில் பார்ப்பது இரண்டாம் முறைதான்.

குறிப்பேட்டின் பக்கத்தை நான்கு பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலாவதில் படத்தின் நேரம். இரண்டாவதில் கண்ணில் படுவது. மூன்றாவதில் பின்னணிக் குரல் சொல்வது. நான்காவதில் அந்தக் காட்சியை எடுத்தவர் யாராக இருக்கக்கூடும் என்ற ஊகம். நான்காவது பத்தி முதலில் காலியாகவே கிடக்கும். அதை நிரப்பத் தேடும்போதுதான் உண்மையான படிப்பு தொடங்குகிறது. அது எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதற்கு ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பார்ப்போம்.

'இரவும் மூடுபனியும்' படத்தில் சரக்கு ரயில் ஒன்றில் மனிதர்கள் ஏற்றப்படும் காட்சிகள் வருகின்றன. அதில், பெட்டியின் கதவுகளுக்கு இடையே, தலையில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு சிறுமி வெளியே எட்டிப் பார்க்கிறாள். மூலச் சுருளில் ஏழு நொடிகள் அளவே இருக்கும் அந்தக் காட்சி, நெதர்லாந்தில் இருந்த வெஸ்டர்போர்க் இடைத்தங்கல் முகாமில், 1944 மே 19 அன்று எடுக்கப்பட்டது. கைதி ஒருவரின் கைப்பெட்டியில் எழுதப்பட்டிருந்த பெயரும் பிறந்த நாளும் படச்சுருளில் தெரிந்ததால்தான், அந்த ரயில் புறப்பட்ட நாளையே பின்னாளில் உறுதிசெய்ய முடிந்தது. படம்பிடித்தவர் ருடால்ஃப் பிரெஸ்லாவர். அவரும் அந்த முகாமின் யூதக் கைதிகளில் ஒருவர். முகாமின் ஜெர்மானியத் தளபதி இட்ட கட்டளையின்படிதான் அவர் கேமராவைப் பிடித்தார். அதே ஆண்டில் அவரும் குடும்பத்தோடு ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்.

அந்தச் சிறுமி யூதப் பெண் என்றே பல பத்தாண்டுகள் கருதப்பட்டாள். யூதர்களின் அழிவுக்கே அவளுடைய முகம் ஓர் அடையாளமாகிப் போனது. 1994-இல் ஒரு டச்சுப் பத்திரிகையாளர் தேடிக் கண்டறிந்தபோதுதான், அவள் பெயர் செட்டெலா ஸ்டைன்பாக் என்பதும், சிந்தி (Sinti) என்ற ஐரோப்பிய நாடோடி இனத்தைச் சேர்ந்தவள் என்பதும், ஆஷ்விட்சில் கொல்லப்பட்டபோது அவளுக்கு ஒன்பது வயதுதான் என்பதும் தெரியவந்தன. ஏழு நொடிகளில் அடங்கிய ஒரு முகத்துக்குப் பெயர் கிடைக்க ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. படத்தில் பொய் எதுவும் இல்லை, காட்சியும் உண்மையானதே. ஆனாலும் நாம் எதைப் பார்க்கிறோம் என்பது நமக்குத் தவறாகவே தெரிந்திருந்தது. நான்காவது பத்தியை விடாமல் நிரப்பச் சொல்வது இதனால்தான்.

மூன்றாம் படி: நடித்துக் காட்டியதை அடையாளம் காணுதல்

போர்க்காட்சி ஓடும்போதெல்லாம் கேட்க வேண்டிய எளிய கேள்வி, கேமரா எங்கே நின்றது என்பது. எதிரியின் துப்பாக்கிக்கு நேர் முன்னால் முக்காலியை நிறுத்தி, நிதானமாகக் கைப்பிடியைச் சுழற்றி ஒருவர் படமெடுத்திருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

இதைப் பழக, 1916-இல் வெளிவந்த 'தி பேட்டில் ஆஃப் த சோம்' படத்தைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. ஏறத்தாழ 75 நிமிடங்கள் ஓடும் இந்த மௌனப் படம் லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் காப்பில் இருக்கிறது. முதல் உலகப் போரில், பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் 1916 ஜூலை 1 அன்று தொடங்கிய தாக்குதலின் முதல் நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்புக்கு நேர்ந்த இழப்பு 57,470 பேர். அவர்களில் இறந்தோர் 19,240. போர் முடியும் முன்பே, அதே ஆகஸ்ட்டில், படம் திரையரங்குகளுக்கு வந்துவிட்டது. முதல் ஆறு வாரங்களில் பிரிட்டனில் 2 கோடி நுழைவுச்சீட்டுகள் விற்றன என்று கணக்கிடுகிறார்கள். களத்தில் இருக்கும் தம் பிள்ளையோ கணவனோ திரையில் தென்பட மாட்டார்களா என்ற ஏக்கத்தோடு வந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனையோ பேர்.

ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மெக்டொவல் என்ற இருவர் எடுத்த இந்தப் படத்தில், வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து மேலேறிப் பாய்ந்து செல்லும் காட்சிதான் மிகப் புகழ்பெற்றது. அதன் பிறகு வந்த எத்தனையோ ஆவணப்படங்கள் அதையே எடுத்தாண்டிருக்கின்றன. அந்தக் காட்சி போர்முனைக்குப் பின்னால் இருந்த பயிற்சிக் களத்தில் நடித்துக் காட்டப்பட்டது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். தாக்குதலுக்குப் போகும் வீரனின் முதுகில் இருக்க வேண்டிய மூட்டைமுடிச்சுகள் இல்லை. குண்டடி பட்டு விழுந்து 'இறந்த' ஒருவர், விழுந்த பிறகு கால்களைச் சாவகாசமாக ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறார்.

இதைக் கண்டுபிடித்துவிட்ட உற்சாகத்தில் படம் முழுவதையும் பொய்யென்று தள்ளிவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் அடுத்த தவறு. நடித்துக் காட்டியது மிகச் சிறு பகுதியே. ஹாதார்ன் மேட்டின் அடியில் புதைத்த வெடிமருந்து ஜூலை 1 காலை 7.20-க்கு வெடித்து மண் வானுக்கு எழும்பும் காட்சி உண்மையானது. காயம்பட்ட தோழனை ஒருவர் முதுகில் சுமந்தபடி குறுகலான குழிக்குள் நடந்து வந்து, ஒரு கணம் நம்மை நேராகப் பார்த்துவிட்டுக் கடந்துபோவதும் உண்மைதான். ஒரே சுருளில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன என்பதை ஏற்றுக்கொள்ளப் பழகவேண்டும்.

இதற்கு நேர் எதிரான விபத்தும் உண்டு. ரஷ்யப் புரட்சியின் பத்தாம் ஆண்டு நிறைவுக்காக சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எடுத்து 1928-இல் வெளிவந்த 'அக்டோபர்' முழுக்க முழுக்கக் கதைப்படம். குளிர்கால அரண்மனையைக் கூட்டம் கூட்டமாக மக்கள் தாக்கும் அதன் காட்சி, 1917-இலேயே எடுத்த அசல் காட்சி போலப் பல ஆவணப்படங்களுக்குள் புகுந்துவிட்டது. ஓர் ஆவணப்படத்தில் புரட்சிக் காட்சி அளவுக்கு மீறி அழகாக, பல கோணங்களில், நல்ல ஒளியில் இருந்தால் உடனே ஐயப்படுங்கள். உண்மையான வரலாறு இத்தனை ஒழுங்காகக் கேமராவுக்கு முன்னால் நடந்து கொடுப்பதில்லை.

நான்காம் படி: ஒலியைத் தனியே கேட்டல்

முதல் உலகப் போரின் படச்சுருள்களில் ஒலி கிடையாது. ஆகவே அந்தக் காட்சிகளோடு நாம் கேட்கும் பீரங்கி முழக்கம், குதிரைக் குளம்போசை எல்லாமே பின்னால் சேர்த்தவைதான். பீட்டர் ஜாக்சன் 2018-இல் உருவாக்கிய 'தே ஷால் நாட் க்ரோ ஓல்ட்' இதை உச்சத்துக்குக் கொண்டுபோனது. ஒரே சீரில்லாத வேகங்களில் கையால் சுழற்றி எடுத்த காட்சிகளை நொடிக்கு 24 சட்டகங்கள் என்ற அளவுக்கு மாற்றி, வண்ணம் ஏற்றி, உதட்டசைவைப் படிக்கும் வல்லுநர்களைக் கொண்டு வீரர்கள் பேசியது என்ன என்று கண்டறிந்து, அந்தச் சொற்களை நடிகர்களைப் பேசவைத்துச் சேர்த்தார்கள். பின்னணியில் கதை சொல்லும் குரல்களோ போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்துப் பதிவுசெய்த முன்னாள் வீரர்களுடைய நேர்காணல்கள். அதை வியந்து பார்த்தேன், பிறகு சற்றே கலங்கியும் போனேன். அந்த வண்ணம் யாரோ தேர்ந்தெடுத்தது என்பது பத்தாவது நிமிடத்துக்குள் மறந்துபோகிறது.

பயிற்சி எளியது. ஐந்து நிமிடப் பகுதி ஒன்றை ஒலியை முழுவதும் அடக்கிவிட்டுப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே பகுதியைக் கேளுங்கள். 'இரவும் மூடுபனியும்' படத்துக்கு ஹான்ஸ் ஐஸ்லர் அமைத்த இசையை இப்படிக் கேட்டால், காட்சி கொடூரமாக ஆக ஆக இசை மென்மையாகிக்கொண்டே போவது பிடிபடும். அழவைக்கும் வயலினை எதிர்பார்த்துப் போன காதுக்கு அது வேறொரு பாடம்.

ஐந்தாம் படி: வாழ்க்கை வரலாற்றுப் படங்கள்

நடிகர்கள் நடிக்கும் வாழ்க்கை வரலாற்றுப் படத்தைப் பார்க்கும்போது, ஒரே மனிதரைப் பற்றிய இரண்டு படங்களையும், அவரே எழுதிய சில பக்கங்களையும் சேர்த்து வைத்துக்கொள்வதே சிறந்த வழி. இதற்கு வான்கோவைப் போல வசதியானவர் எவரும் இல்லை. அவர் எழுதிய 800-க்கும் மேற்பட்ட கடிதங்கள் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு குறிப்புகளோடு 2009 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

வின்சென்ட் மினெல்லி இயக்கி, கிர்க் டக்ளஸ் நடித்த 'லஸ்ட் ஃபார் லைஃப்' 1956-இல் வந்தது. மோரிஸ் பியாலா இயக்கிய பிரெஞ்சுப் படமான 'வான்கோ' 1991-இல் வந்தது. முதலாவது அவருடைய இளமை தொடங்கி இறுதிவரை கொந்தளிப்போடு ஓடுகிறது. இரண்டாவது, 1890-இல் ஓவேர் என்ற சிற்றூரில் அவர் கழித்த கடைசி நாட்களை மட்டும் எடுத்துக்கொண்டு, உணவு மேசையிலும் ஆற்றங்கரையிலும் நிதானமாக உட்கார்ந்துவிடுகிறது. எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிப்பது என்று இயக்குநர் எடுக்கும் முடிவே பாதிப் படத்தைத் தீர்மானித்துவிடுகிறது. ஆகவே குறிப்பேட்டில் முதலில் எழுதவேண்டியது அந்த இரண்டு தேதிகளைத்தான்.

அடுத்து முடிவுக் காட்சியைச் சோதித்துப் பாருங்கள். மினெல்லியின் படம் காகங்கள் பறக்கும் கோதுமை வயல் ஓவியத்தைச் சாவின் முன்னறிவிப்பாகக் கொண்டு முடிகிறது. அதுவே வான்கோவின் கடைசி ஓவியம் என்று உலகம் நம்பியதில் இந்தப் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகமோ 'மர வேர்கள்' என்ற ஓவியத்தையே கடைசியானதாகக் கருதுகிறது. அது தீட்டப்பட்ட இடத்தையும் பழைய அஞ்சலட்டை ஒன்றின் துணையால் 2020-இல் அடையாளம் கண்டார்கள். அந்தக் கோதுமை வயல் ஓவியங்களைப் பற்றி வான்கோ தம் தம்பிக்கு எழுதிய கடிதத்தையும் படித்துப் பாருங்கள். துயரத்தையும் கடும் தனிமையையும் தீட்ட முயன்றதாக எழுதும் அவர், நாட்டுப்புறத்தில் தாம் காணும் நலத்தையும் வலுவூட்டும் தன்மையையும் இந்த ஓவியங்கள் சொல்லும் என்று அதே மூச்சில் எழுதுகிறார். அந்த இரண்டாம் பாதிக்குத் திரைக்கதையில் இடமில்லாமல் போயிற்று.

விடுபட்டவர் யார் என்றும் தேடுங்கள். வான்கோ இறந்த ஆறு மாதங்களில் தம்பி தியோவும் இறந்துவிட, கைக்குழந்தையோடு தனித்து நின்ற தியோவின் மனைவி யோஹன்னாதான் ஓவியங்களைக் காத்து, கண்காட்சிகளுக்கு அனுப்பி, 1914-இல் கடிதங்களையும் பதிப்பித்தார். புறக்கணிக்கப்பட்ட மேதை என்ற கதை வான்கோவின் சாவோடு முடிந்தால்தான் எடுபடும் என்பதால், அதன் பின் தொடங்கும் அந்தப் பெண்ணின் உழைப்புக்குத் திரையில் பெரும்பாலும் இடம் கிடைப்பதில்லை.

ஆறாம் படி: தணிக்கையின் தடம்

ஒரு வரலாற்றுப் படம் எதைச் சொல்கிறது என்பதோடு, அது வெளிவந்த நாளில் யாரைச் சங்கடப்படுத்தியது என்றும் பாருங்கள். ஆப்பிரிக்கச் சிலைகளைப் பற்றிய படம்தானே என்று தொடங்கும் 'சிலைகளும் மடிகின்றன', போகப்போகக் காலனியாதிக்கத்தையே கேள்வி கேட்டதால் பிரான்சில் பல ஆண்டுகள் தடைபட்டுக் கிடந்தது. 'இரவும் மூடுபனியும்' படத்தில், பிரான்சில் யூதர்களை அடைத்துவைத்த பித்திவியே முகாமைக் கண்காணிக்கும் காவலர் ஒருவரின் தொப்பி அவர் பிரெஞ்சுக்காரர் என்று காட்டிக்கொடுத்ததால், அந்த ஒற்றைப் புகைப்படத்தில் தொப்பியை மறைக்கவேண்டும் என்று தணிக்கையாளர்கள் வற்புறுத்தினார்கள். ஒரு தூண் குறுக்கே நிற்பதுபோலத் தீட்டி மறைத்தார்கள். நீங்கள் பார்க்கும் படியில் தொப்பி தெரிகிறதா, தூண் தெரிகிறதா என்று கவனியுங்கள். அதே படத்தை 1956 கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் காட்டவேண்டாம் என்று மேற்கு ஜெர்மனியின் தூதரகம் கேட்டு, அப்படியே நடந்தது.

படச்சுருள்கள் எப்படித் தேடிச் சேர்க்கப்படுகின்றன என்று தமிழிலேயே படிக்க விரும்புவோருக்கு, காந்தியைப் பற்றி 1940-இல் ஆவணப்படம் வெளியிட்ட ஏ. கே. செட்டியார், அதற்காக நாடு நாடாக அலைந்ததைத் தாமே விவரிக்கும் 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூல் இருக்கிறது. ஆறாம் படிக்கும் ஏழாம் படிக்கும் இடையில் படிக்க உகந்தது.

ஏழாம் படி: நீண்ட படங்கள்

இப்போது 'ஷோவா'வை எடுக்கலாம். க்ளோத் லான்ஸ்மன் பதினோர் ஆண்டுகள் உழைத்து 1985-இல் வெளியிட்ட இந்தப் படத்தில் பழைய படச்சுருள் ஒரு துண்டுகூட இல்லை. தப்பிப் பிழைத்தவர்கள், அருகே வாழ்ந்தவர்கள், குற்றம் புரிந்தவர்கள் ஆகியோரின் பேச்சும், இன்று புல் மூடிக் கிடக்கும் இடங்களும் மட்டுமே. நான்கு நாட்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பல இடங்களில் சாட்சி ஒரு மொழியில் பேச, மொழிபெயர்ப்பாளர் இன்னொரு மொழியில் சொல்லும்வரை நாம் காத்திருக்க நேரும். அந்தக் காத்திருப்பை ஓட்டிவிடாதீர்கள். கேள்வி போய்ச் சேருவதற்கும் பதில் திரும்பி வருவதற்கும் இடையில் சாட்சியின் முகத்தில் நடப்பதைப் பார்க்கக் கிடைக்கும் நேரம் அது.

குறிப்பேட்டின் நான்காவது பத்தி இங்கும் வேண்டும், ஏனெனில் சாட்சியமும் ஓர் ஏற்பாட்டுக்குள்தான் பதிவாகிறது. முன்னாள் நாஜிக் காவலர் ஒருவரை லான்ஸ்மன் ஒளித்துவைத்த கேமராவால் படமெடுத்தார். டிரெப்ளிங்கா கொலைமுகாமில், சாகப்போகும் பெண்களின் முடியை வெட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்ட ஆப்ரஹாம் போம்பா, டெல் அவீவில் ஒரு சலூனில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே பேசும் காட்சி வரும். அவர் அப்போது அந்தத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். சலூன் படத்துக்காக வாடகைக்கு எடுத்தது. கை பழகிய வேலையைச் செய்யும்போது நினைவு எழும் என்பது இயக்குநரின் கணக்கு. பேச்சு ஓரிடத்தில் நின்றுபோகிறது. போம்பா தொடர மறுக்கிறார்; லான்ஸ்மன் தொடரும்படி கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, இயக்குநர் அங்கே கேமராவை நிறுத்தியிருக்க வேண்டுமா என்பதற்கு உங்கள் பதிலை அன்றே எழுதி வையுங்கள். ஓராண்டு கழித்து மறுபடி பார்க்கும்போது, எழுதியதைப் படிக்காமல், இன்னொரு பதிலை அதன் கீழே எழுதுங்கள்.